லைன் கிளியரில் கேட்ட இரைச்சல்

ஓய்வு பெற்ற மின் ஊழியர்கள் கூட்டத்தில் போன மாதம் ஒரு இளம் பொறியாளர் மைக்கை என் முன்னால் நீட்டி, "உங்க பொழுதுபோக்கு என்னங்க சார்?" என்று கேட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் தோட்டம், பேரன் பேத்தி, கோயில் குளம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தார்கள். நான் "ரேடியோ கேட்பது" என்றேன். சிரித்தார்கள். "அது எல்லாரும் கேக்கறதுதானுங்களே" என்றார் அவர். எல்லாரும் கேட்பது வேறு, நான் கேட்டது வேறு என்று விளக்குவதற்குள் சாப்பாட்டு நேரமாகி, மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது. ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்படும் பகுதியும் உண்டு, வெட்கப்படும் பகுதியும் உண்டு. கூட்டத்தில் பேசியிருந்தால் முதல் பகுதியோடு நிறுத்தியிருப்பேன்.

அப்பா ஆனைமலைப் பக்கம் அடுத்தவர் தோப்பில் கூலி வேலை செய்தவர். நான் ஐ.டி.ஐ. முடித்து, ஒப்பந்தக் கூலியாகக் குழி தோண்டி, கம்பம் சுமந்து, ஏழு வருடம் கழித்து நிரந்தரமாகி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக உட்கார்ந்தேன். சுற்றிலும் விசைத்தறிக் கொட்டகைகளும் கோழிப்பண்ணைகளும். ஆபரேட்டர் வேலை என்றால் மீட்டர்களைப் பார்ப்பது, மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதுவது, லைன் போனால் ஊர் முழுக்க விடும் டோஸை போனில் வாங்கிக்கொள்வது. வேலையைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

என் ஆசை சிற்றலை வானொலி. உள்ளூர் நிலையத்தில் பாட்டுக் கேட்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கோ ஒரு தேசத்திலிருந்து மெல்லிய நூல் போல வரும் ஒலிபரப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த மீட்டர் அலைவரிசையில், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி அந்த நிலையத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அது சரி என்றால் அவர்கள் ஒரு வண்ண அட்டை அனுப்பி உறுதி செய்வார்கள். என்னிடம் அப்படி இருநூறு அட்டைக்கு மேல் இருந்தது. "காயிதத்துக்கா இந்தப் பாடு?" என்பாள் என் மனைவி. அந்தக் காகிதம் வரும் நாளில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நிரந்தரமான நாளில்கூட நான் அனுபவிக்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது ஒரு பைத்தியம்.

இந்தப் பைத்தியத்துக்கு முதல் எதிரி மின்சாரம். கம்பத்தில் கம்பியைத் தாங்கும் ஒரு பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதன் வழியாக மின்சாரம் கசிந்து பொரியும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஆனால் ரேடியோவில் வாணலியில் கடுகு தாளிப்பது போலக் கேட்கும். துணை மின்நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு சிற்றலை கேட்பவன் சந்தைக்கடை நடுவில் ரகசியம் கேட்க நினைப்பவன். அதனால் எனக்குப் பிடித்த நேரம் லைன் கிளியர் நேரம். பழுது பார்ப்பதற்காக ஒரு லைனை முழுவதும் அணைத்து, வேலை ஆட்கள் பொறுப்பில் விடுவதற்குத்தான் லைன் கிளியர் என்று பெயர். எல்.சி. என்போம். லைன் செத்துவிட்டால் இரைச்சலும் செத்துவிடும். வானம் கழுவிவிட்டது போல இருக்கும்.

எங்கள் உதவிப் பொறியாளர் ஜெயசீலி மேடம். கோயம்புத்தூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அதே பட்டுப்புடவையோடு திடீரென்று ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பதிவேட்டை விரித்து, ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பார். எங்காவது ஸ்கேல் நின்றுவிட்டால் அங்கே ஒரு தப்பு இருக்கிறது என்று அர்த்தம். மேசைமேல் என் ரேடியோவைப் பார்த்த அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மாரிமுத்து, இது என்னங்க?"

"ரேடியோங்க மேடம்."

"வேலை செய்யுதுங்களா?"

"செய்யுதுங்க."

"நல்லதுங்க. அது உங்க ஊட்ல வேலை செய்யட்டும், நீங்க இங்க வேலை செய்யுங்க. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல வேண்டாமுங்க."

அடுத்த நாளே எழுத்து மூலம் உத்தரவு வந்தது. மறுபடி பிடிபட்டால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. நான் என்ன செய்தேன்? ரேடியோவை மேசையிலிருந்து எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டேன். ஒற்றைக் காதுக்கு ஒரு இயர்போன் வாங்கினேன். கீழ்ப்படிதல் என்றால் எனக்கு அந்த வயதில் அவ்வளவுதான் அர்த்தம்.

சம்பவம் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதம். அதற்கு மூன்று வாரம் முன்பு புதிதாக ஒரு இரைச்சல் தொடங்கியது. பத்தொன்பது மீட்டரை நாசம் செய்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு லைன் ஓரமாக நடந்தேன். மத்திய அலையில் வைத்துக்கொண்டு பெட்டியை மெதுவாகத் திருப்பினால், ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று மங்கும். இரண்டு மூன்று இடத்தில் நின்று அப்படிப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். தெற்கே ஒரு விசைத்தறிக் கொட்டகைக்காகப் பிரியும் கிளை லைனில், ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சோளக்காட்டு ஓரத்தில் இருந்த கம்பம். நடுப் பீங்கானில் விரிசல். அண்ணாந்து பார்த்தபோது வெயிலில் எனக்கே தெரிந்தது. கண்டுபிடித்த பெருமையில் வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு போனேன்.

ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் டியூட்டியில் ரேடியோ கேட்டேன் என்று சொல்ல வேண்டும். எப்படியும் மழைக்காலத்துக்கு முன் பீங்கான்களைச் சரிபார்ப்பார்கள், அப்போது மாற்றிவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று காலை அதே கிளை லைனில் வேலை. விரிசல் பீங்கானுக்கு முன்னால், ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு கம்பத்தில் குறுக்குச் சட்டம் சாய்ந்திருந்தது. எல்.சி. கேட்டவர் லைன் இன்ஸ்பெக்டர் பழனிசாமி அண்ணன். ஐம்பது வயது, கண்டிப்பான மனிதர். கம்பத்தில் ஏறப் போகிறவர் லைன்மேன் ராசு. என்னைவிட ஆறேழு வயது சின்னவர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

முறைப்படி எல்லாம் செய்தேன். லைனுக்கு மின்சாரம் விடும் பிரேக்கரை அணைத்தேன். வெளியே யார்டுக்குப் போய், லைனைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைத் திறந்து, அதன் மூன்று கத்தியும் பிரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். எர்த் சுவிட்சைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" பலகையைத் தொங்கவிட்டேன். எல்.சி. எண்ணை எழுதி, பழனிசாமி அண்ணனைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, நேரம் போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். இனி அந்தத் தாளை அவரே கொண்டுவந்து, "ஆளுக எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு" என்று சொல்லும் வரைக்கும் கடவுளே வந்து கேட்டாலும் நான் லைனைப் போடக் கூடாது. அவர்களும் அங்கே போய், தப்பித் தவறி வரும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் ராடைப் போட்டார்கள், ஆனால் ஸ்டேஷன் பக்கத்தில் மட்டும். வேலைக்காக அந்தக் கம்பத்தில் இணைப்புக் கம்பிகளை அவிழ்த்துவிட்டதால், கொட்டகைப் பக்கத்து லைன் எர்த் இல்லாமல் தனியே நின்றது. இரண்டு பக்கமும் போட வேண்டும் என்பதுதான் விதி. கொட்டகைப் பக்கத்திலிருந்து எங்கே கரண்ட் வரப் போகிறது என்று அந்தக் காலத்தில் யாரும் இரண்டாவது ராடைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

பத்தரை மணிக்கு இழுப்பறையைத் திறந்து இயர்போனை மாட்டினேன். வானம் கழுவினாற்போல இருந்தது. பத்தொன்பது மீட்டரில், இதுவரை நான் கேட்டிராத ஒரு நிலையம். ஒரு பெண் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். எந்த நாடு என்று தெரியவில்லை, பாஷையும் தெரியவில்லை. அட்டை ஒன்று கூடப்போகிறது என்று பென்சிலை எடுத்துக்கொண்டு, நிலையத்தின் பெயரைச் சொல்வார்களா என்று காத்திருந்தேன்.

பத்து ஐம்பதுக்குக் கடுகு பொரிந்தது.

அதே இரைச்சல். மூன்று வாரமாகக் கேட்ட, எனக்கு மனப்பாடமான அதே இரைச்சல். முதலில் எனக்கு வந்தது எரிச்சல்தான், மறைக்க மாட்டேன். சனியன், இப்பவா வரணும் என்று நினைத்தேன். அடுத்த நொடி பென்சிலைக் கீழே வைத்தேன். செத்த லைனில் அந்தப் பீங்கான் எப்படிப் பொரியும்?

என் லைன் அணைந்துதான் இருக்கிறது. சாவி என் சட்டைப் பையில். அப்படியென்றால் மறுமுனையிலிருந்து யாரோ கரண்ட் ஏற்றுகிறார்கள். மறுமுனையில் இருப்பது விசைத்தறிக் கொட்டகை. அவர்களிடம் பெரிய ஜெனரேட்டர் உண்டு. அதன் மின்சாரம் வெளி லைனுக்குப் போகாமல் தடுக்க ஒரு மாற்றுச் சுவிட்ச் இருக்கும். அது பழுதாகி, யாராவது நேரடியாக இணைத்துவிட்டிருந்தால், ஜெனரேட்டர் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி, இருபத்திரண்டாயிரம் வோல்ட்டாக லைனில் நிற்கும். அந்த லைனில்தான் ராசு ஏறியிருக்கிறார்.

கொட்டகைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். தறி ஓடுகிற சத்தத்தில் போன் சத்தம் எவன் காதில் விழும்? தறி ஓடுகிறது என்றால் ஜெனரேட்டர் ஓடுகிறது. அடித்துக்கொண்டே இருந்த அந்த மணியே எனக்குச் சாட்சி.

டியூட்டியில் இருக்கும் ஆபரேட்டர் மாற்று ஆள் இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியேறக் கூடாது. வேலையே போய்விடும். மேடத்தைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். அந்த இடத்தில்தான் நான் இன்றும் வெட்கப்படும் காரியத்தைச் செய்தேன்.

"மேடம், பிரேக்கர் பக்கம் என்னமோ உறுமற மாதிரி இருக்குதுங்க."

ரேடியோ என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

"ஆஃப்ல இருக்கற பிரேக்கர் எப்படிங்க உறுமும்? மீட்டர் என்ன காட்டுது?"

"ஜீரோங்க. எனக்கென்னமோ ஜெனரேட்டர் கரண்ட் திரும்பி ஏறுதோன்னு சந்தேகமா இருக்குதுங்க."

"ஐசொலேட்டர் தெறந்து, எர்த் போட்டிருக்குதுங்களே. திரும்பி ஏறுனாலும் பிரேக்கர் வரைக்கும் எப்படிங்க வரும்? சத்தம் எங்கிருந்து வருதுன்னு போய்ச் சரியாப் பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

நான் போனேன். யார்டுக்கு நடந்தேன், பிரேக்கரைப் பார்த்தேன், திரும்பி நடந்தேன். அங்கே எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். என் பொய்யைக் காப்பாற்ற என் காலே நடந்தது. போக ஒன்றரை நிமிஷம், வர ஒன்றரை நிமிஷம். என் வாழ்க்கையில் நான் நடந்த நடைகளிலேயே கேவலமான நடை அதுதான்.

போனை மறுபடி எடுத்தேன். "மேடம், பிரேக்கர் இல்லீங்க. ரேடியோங்க. ரேடியோல கேட்டுதுங்க. அந்த லைன்ல ஒரு பீங்கான் வெடிச்சிருக்குதுங்க, அது பொரியறது எனக்குத் தெரியுமுங்க. லைன் சார்ஜ் ஆயிருக்குது. ராசு மேல இருக்கறாருங்க."

மேடத்தின் குரல் அப்போதும் உயரவில்லை.

"போங்க. நேரத்த எழுதிப்போட்டுப் போங்க. ஷெட்டுக்கு நான் போன் பண்ணீட்டே இருக்கறேன்."

பதிவேட்டில் "10.58. கிளை லைனில் மின்சாரம், வானொலி இரைச்சலால் சந்தேகம், நேரில் செல்கிறேன்" என்று கிறுக்கிவிட்டு மொபெட்டை எடுத்தேன். மண் ரோடு. ஹாரனை அழுத்தியது அழுத்தியபடி போனேன்.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ராசு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். தலை பின்னால் சாய்ந்திருந்தது. பழனிசாமி அண்ணன் ஒரு காலைக் கம்பத்தில் வைத்து ஏறத் தொடங்கியிருந்தார்.

"ஏறாதீங்கண்ணா! லைன்ல கரண்ட் இருக்குது!"

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பாவி! எல்.சி. எங்கிட்ட இருக்கறப்ப சார்ஜ் பண்ணிப்போட்டியேடா!"

"நான் பண்ணலீங்கண்ணா. சாவி இங்க இருக்குது பாருங்க. ஜெனரேட்டருங்க. நான் போய் நிறுத்தறேன், அதுவரைக்கும் கம்பத்தத் தொடாதீங்க!"

கொட்டகை இன்னும் அரைக் கிலோமீட்டர். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். முதலாளி குறுக்கே வந்து கையை நீட்டினார். "ஏப்பா, யாரு நீயி? யாரக் கேட்டு உள்ள வந்தே?" தறிச் சத்தத்தில் அவர் வாயசைவைத்தான் பார்த்தேன். என் அப்பா இப்படிப்பட்ட கேள்விக்குக் காலமெல்லாம் வாசலிலேயே நின்றவர். நான் நிற்கவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டுப் போய் டீசல் எஞ்சின் நிறுத்தும் கைப்பிடியை இழுத்துப் பிடித்தேன். எஞ்சின் இருமி இருமி அடங்கியது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த நிசப்தத்தில் அலுவலக அறைக்குள் போன் மணி அடித்துக்கொண்டிருப்பது கேட்டது. ஜெயசீலி மேடம் இன்னும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. மாற்றுச் சுவிட்ச் கருகிப்போய், எலக்ட்ரீசியன் தற்காலிகமாக நேரடியாக இணைத்து நாலு நாளாகியிருந்தது. ராசுவைக் கம்பத்திலிருந்து இறக்கி, முதலாளியின் வேனிலேயே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் இருந்தது. வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரி என் தோளைத் தட்டினார். பழனிசாமி ஏறியிருந்தால் இரண்டு பிணம் விழுந்திருக்கும் என்றார். அது உண்மை. சக ஊழியர் ஒருவர் என்னைத் தேற்ற ஒரு கணக்குச் சொன்னார். "நீ மூணு வாரம் முந்தியே சொல்லியிருந்தா பீங்கான மாத்தியிருப்பாங்க. அப்பறம் உனக்குச் சத்தமே கேட்டிருக்காது. ராசு அங்கேயே செத்திருப்பான். நீ சொல்லாததுதாம்ப்பா நல்லதாப் போச்சு." அந்தக் கணக்கை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த மூன்று நிமிஷ நடைக்கு எந்தக் கணக்கும் உதவவில்லை. அதுவரை எர்த் போட்ட பக்கத்தில் வேலை செய்த ராசு, நான் வந்து சேர்வதற்கு ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் கொட்டகைப் பக்கத்துக் கம்பியைத் தொட்டார், அப்போதுதான் அடித்தது என்று பழனிசாமி அண்ணன் வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

நான் அறிக்கை எழுதப் போன அன்று மேடம் ஏற்கெனவே தன் அறிக்கையை முடித்திருந்தார். படிக்கச் சொல்லி என் பக்கம் தள்ளினார். "ஆபரேட்டர் தகவல் தந்தபோது தேவையற்ற கேள்விகள் கேட்டு, அவரை யார்டுக்கு அனுப்பி, காலதாமதம் ஏற்படுத்தியது நான்தான்" என்று எழுதியிருந்தது. ரேடியோ உத்தரவைப் பற்றியோ, நான் முதலில் சொன்ன பொய்யைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மேடம், இது அப்படி இல்லீங்களே" என்றேன்.

"அப்ப எப்படின்னு நீங்க எழுதுங்க," என்று வெள்ளைத் தாளைக் கொடுத்தார்.

எழுதினேன். மூன்று வாரம், இழுப்பறை, உறுமல் என்ற பொய், நடை எல்லாம். அவர் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். எங்கும் ஸ்கேல் நிற்கவில்லை. "ரெண்டும் போகட்டுங்க" என்று இரண்டையும் ஒன்றாகக் குத்தி அனுப்பினார். எனக்குப் பதவி உயர்வு பல வருடம் தள்ளிப்போனது. அவரை மேட்டுப்பாளையத்தில் ஒரு சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அது அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மேலிடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ராசுவுக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் தைரியம் வந்தது. அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணா, உங்களாலதான் இன்னைக்கு உக்காந்திருக்கறேன்" என்று எழ முயன்றார். வேண்டாம் ராசு, முதலில் கேளு என்று உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். சமையலறை வாசலில் அவர் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்தபோது அவர் கேட்டது இதுதான்.

"அன்னைக்கு என்னங்கண்ணா கேட்டுட்டு இருந்தீங்க?"

"ஏதோ வெளிநாட்டு ஸ்டேஷன் ராசு. எந்த நாடுன்னு தெரியல."

"என்ன பேசுனாங்க?"

"பாஷை தெரியாது."

ராசு கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டார்.

"தெரியாத பாஷையக் கூட அவ்வளவு கவனமாக் கேட்டீங்க. தெரிஞ்ச பாஷையில ஒரு வார்த்த மேடத்துக்கிட்டச் சொல்றதுக்கா உங்களுக்கு மூணு நிமிசம் ஆச்சுங்கண்ணா?"

ஆமாம் ராசு என்றேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். குடிக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.